காரணம் தெரியாமல் வியர்த்துக் கொட்டுகிறதா? கண்டறிவதிலிருந்து கட்டுப்படுத்துவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதத்தில் சென்னைப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவரின் சட்டை நனைந்தால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பில் வழிகிறது. இங்கே பேசப்போவது வேறு விதமான வியர்வை. ஏசி அறையில் பரீட்சை எழுதும்போதே விடைத்தாள் ஊறிப்போகிறவர்கள், கைகுலுக்கப் பயந்து கும்பிடு போட்டே சமாளிப்பவர்கள், மின்விசிறிக்கு அடியில் படுத்தும் நடு ராத்திரியில் பனியன் தொப்பலாக நனைந்து எழுந்திருப்பவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் சொல்லிவிடுகிறோம்: பவுடர் போடு, தண்ணீர் குடி, டென்ஷன் ஆகாதே. உள்ளங்கை வியர்க்கும் பிள்ளைக்கு இதனால் பெரிய பலன் இல்லை. ராத்திரியில் வியர்க்கிறவருக்கு இது ஆபத்தாகவும் முடியலாம், ஏனென்றால் உள்ளே இருக்கும் நோயைத் தேடவேண்டிய நேரம் பவுடரிலேயே கழிந்துவிடும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றச் சொல்கிறேன்.

முதல் படி: இது அவசரமா என்று பாருங்கள்

சில வியர்வைக்குக் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது. திடீரென்று உடம்பெல்லாம் ஜில்லென்று வியர்த்து, கூடவே நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடையில் வலி, வாந்தி, மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. வியர்வையும் அசதியும் மட்டுமே தெரியும், "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்காரவே கூடாது.

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இருந்தால் சோதியுங்கள், 70-க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும். சர்க்கரை இறங்குவதைக் காட்ட வியர்வை ஒன்றுதான் மிச்சமிருக்கும், அதை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வியர்வையோடு எச்சில் ஊறி, கண்ணில் நீர் வழிந்து, கண்மணி சுருங்கி, வயிற்றைப் புரட்டினால் அது வெயில் களைப்பு அல்ல, மருந்தின் விஷம் தோல் வழியாகவும் ஏறும். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கழுவுகிறவர் தன் கையில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செந்தேள் கொட்டிய பிறகு உடம்பு முழுக்க வியர்த்தாலும் அதே அவசரம்தான்.

இரண்டாம் படி: உங்கள் வியர்வை எந்த வகை?

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். மிகைவியர்வை இரண்டு வகைப்படும். வேறு நோயோ மருந்தோ இல்லாமல் தானாக வருவது முதல்நிலை. வேறொன்றின் விளைவாக வருவது இரண்டாம்நிலை. இதைப் பிரிக்கப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது, சில கேள்விகளே போதும்.

அவற்றில் முக்கியமான கேள்வி: தூங்கும்போது வியர்க்கிறதா? முதல்நிலை வியர்வை தூக்கத்தில் நின்றுவிடும். பகலில் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் கை, தூங்கும் நேரத்தில் காய்ந்திருக்கும். அது உங்களுக்கே தெரியாது என்பதால் வீட்டில் இருக்கும் யாரையாவது நீங்கள் தூங்கும்போது உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசில்லாத இந்தச் சோதனை சொல்லும் விஷயம் பெரிது.

அடுத்து, எங்கே? உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் என்று குறிப்பிட்ட இடங்களில், வலது இடது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால் முதல்நிலை. உடம்பு முழுக்க வந்தாலோ, ஒரே பக்கம் மட்டும் வந்தாலோ காரணம் தேட வேண்டும். எப்போதிலிருந்து என்பதும் முக்கியம். முதல்நிலை பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ பதின்ம வயதிலோ, 25 வயதுக்குள் தொடங்கிவிடும். 45 வயதில் புதிதாக வியர்க்க ஆரம்பித்தவரை "உடம்பு வாகு" என்று சொல்லி அனுப்பக் கூடாது. அப்புறம், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? அப்பாவுக்கோ அத்தைக்கோ கை ஈரமாகவே இருக்கும் என்றால் அது பரம்பரையாக வருவதுதான். வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையைத் தடுத்தால் மருத்துவர்கள் அதை முதல்நிலை மிகைவியர்வை என்று உறுதிசெய்வார்கள்.

இது அரிதான விஷயமும் அல்ல. அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு மக்கள்தொகையில் 2.8 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொன்னது. வகுப்புக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

"பயந்தாங்கொள்ளி, அதான் கை வேர்க்குது" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன. மிகைவியர்வை உள்ளவருக்குச் சுரப்பிகள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை, பெரிதாகவும் இல்லை. அவற்றை இயக்கும் பரிவு நரம்புகள் (நாம் நினைக்காமலே தானாக இயங்கும் நரம்புகள்) தேவைக்கு மேல் உத்தரவு கொடுக்கின்றன, அவ்வளவுதான். பயந்தால் அது கூடும் என்பது உண்மை. ஆனால் பயமே இல்லாமல் சோபாவில் சாய்ந்து பாட்டுக் கேட்கும்போதும் கை வியர்க்கிறதே, அதற்கு யார் பயந்தார்கள்? பல பேருக்கு வியர்வைதான் பயத்தைக் கொண்டுவருகிறது.

மூன்றாம் படி: மாத்திரைப் பெட்டியைத் திறங்கள்

வியர்வை புதிதாக ஆரம்பித்ததா? அதற்கு முந்தைய சில வாரங்களில் என்ன மருந்து புதிதாகச் சேர்ந்தது என்று பாருங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின், வலிக்குக் கொடுக்கும் டிரமடால், சர்க்கரை மருந்துகள், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, காய்ச்சலுக்குப் போட்ட பாரசிட்டமால் ஆகியவை வியர்க்க வைக்கும். குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்தியவருக்கும் நடுக்கத்தோடு வியர்க்கும், அவருக்கு மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

காரணம் மாத்திரைதான் என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநல மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், பழைய நோய் திரும்புவது என்று வேறு தொல்லைகள் வரும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் வியர்வையைச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம்.

நான்காம் படி: மருத்துவரிடம் எதைச் சொல்வது, எந்தச் சோதனை

இரண்டு வாரம் ஒரு குறிப்பு எழுதுங்கள். எந்த நேரம், எந்த இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்ததா, இவ்வளவு போதும். "ரொம்ப வேர்க்குது டாக்டர்" என்பதைவிட "சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வந்து, ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வை நனைகிறது, மூன்று கிலோ குறைந்திருக்கிறேன்" என்பது மருத்துவரை நேராகக் காரணத்துக்கு அழைத்துப்போகும். சொல்லப்போனால் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் நம் ஊரில் முதலில் தேட வேண்டியது காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால் நிணநீர்ப் புற்றுநோயையும் பார்ப்பார்கள்.

எடை குறைந்து, பசி கூடி, நெஞ்சு படபடத்து, வெக்கையே தாங்கவில்லை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இருக்கலாம், டி.எஸ்.எச். என்ற ரத்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்களுக்கு நெஞ்சிலிருந்து முகத்துக்குத் தீ ஏறுவதுபோல் சூடு பரவி, சில நிமிடம் வியர்த்து, பிறகு குளிரெடுத்தால் அது மாதவிடாய் நிற்கும் காலத்தின் வெக்கை. அதற்கும் வைத்தியம் உண்டு, "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்" என்று சகித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம் திடீர் திடீரென ஏறி, தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் சேர்ந்து வந்து போனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டியா என்று பார்க்கச் சிறுநீர், ரத்தச் சோதனை உண்டு. இது அபூர்வம்.

பொதுவாக ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரே என்று தொடங்குவார்கள். ஆனால் சின்ன வயதிலிருந்து கை கால் மட்டும் வியர்த்து, தூங்கினால் நின்றுவிடும் ஒருவருக்கு இத்தனை சோதனையும் தேவையே இல்லை. அவர் நேராகத் தோல் மருத்துவரிடம் போகலாம்.

போவதற்கு முன் உங்கள் நிலைக்கு ஒரு எண் கொடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை கவனத்துக்கே வருவதில்லை, தொந்தரவும் இல்லை என்றால் 1. பொறுத்துக்கொள்ளலாம், எப்போதாவது தொந்தரவு என்றால் 2. பொறுப்பதே கஷ்டம், அடிக்கடி தொந்தரவு என்றால் 3. தாங்கவே முடியவில்லை, எப்போதும் தொந்தரவு என்றால் 4. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலே இதுதான். சிகிச்சைக்குப் பிறகு எண் இறங்கியதா என்று பார்க்கலாம்.

ஐந்தாம் படி: அலுமினியம் குளோரைடு, சரியான முறையில்

முதல்நிலை வியர்வைக்கு, குறிப்பாக அக்குளுக்கு, முதல் மருந்து இது. கடையில் டியோடரண்ட் என்று விற்பதில் பல வெறும் வாசனையும் கிருமித்தடுப்பும்தான், வியர்வையை நிறுத்தாது. "ஆன்ட்டிபெர்ஸ்பிரண்ட்" என்று போட்டு, உட்பொருளில் அலுமினிய உப்பு இருந்தால்தான் வியர்வை குறையும். சாதாரண வகை போதவில்லை என்றால் 10 முதல் 20 சதவீத அலுமினியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைசலைத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயில் படிந்து தற்காலிகமாக அடைக்கிறது.

"போட்டேன், எரிஞ்சுது, விட்டுட்டேன்" என்பவர்கள்தான் அதிகம். காலையில் குளித்த ஈரத்தோடு போட்டதுதான் காரணம். ஈரத்தில் இந்த உப்பு அமிலத்தை உண்டாக்கும், அதனால் எரியும். வியர்வை வழியும்போது போட்டால் மருந்து உள்ளே தங்காமல் கழுவிக்கொண்டு போகும். முறை இப்படி இருக்க வேண்டும்: ராத்திரி படுக்கும் முன், அக்குளைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்த தோலில் மெல்லிசாகத் தடவி, அதுவும் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள். காலையில் கழுவிவிடுங்கள். ஷேவ் செய்த அன்றும், புண் இருக்கும்போதும் போடாதீர்கள். தினமும் ராத்திரி போட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை குறைந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைத்துக்கொள்ளலாம். அரித்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். தோல் சிவந்தால் சில நாளுக்கு லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மருத்துவர் தருவார்.

அலுமினியம் மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும். படிகாரம் தேய்க்கலாமா என்றால், தேய்க்கலாம், வீச்சம் கொஞ்சம் குறையும். வியர்வையை நிறுத்தும் வலு அதற்குக் குறைவு.

ஆறாம் படி: உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் தண்ணீர் வழி மின்சாரம்

அங்கே தோல் தடிமன், அதனால் தடவும் மருந்து பல பேருக்குப் போதாது. அவர்களுக்கு அயன்டோஃபோரசிஸ் நல்ல வழி, இது இன்னும் பலருக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம். ஆழமில்லாத தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கை அல்லது காலை வைத்து, கருவி வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை, கைக்குச் சுமார் 15 முதல் 20 மில்லி ஆம்பியர், 20 முதல் 30 நிமிடம் செலுத்துவார்கள். குறுகுறுப்பு இருக்கும். முதலில் வாரம் மூன்று முறை, வியர்வை அடங்கிய பிறகு வாரம் ஒரு முறை. நிறுத்தினால் வியர்வை திரும்பிவிடும் என்பதால் வீட்டுக்கே கருவி வாங்கிக்கொள்வோரும் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புச்சத்து குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது. குழாய்த் தண்ணீரே நல்லது, இல்லையென்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். விரல் இடுக்கில் வெட்டுக்காயம் இருந்தால் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கை காலில் உலோகத் தகடு பொருத்தியவர்கள் இதைச் செய்யக் கூடாது. வீடியோ பார்த்து வீட்டு மின்சாரத்தில் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

இடையில்: அன்றாடம் சமாளிக்க

சிகிச்சை பலன் தர வாரங்கள் ஆகும். அதுவரை வெள்ளை அல்லது கருநீலச் சட்டை போடுங்கள், சாம்பல் நிறமும் இளநீலமும் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே பருத்தி பனியன் ஒன்று எப்போதும் வேண்டும். ஒரே ஷூவைத் தினமும் போடாமல் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள், கழற்றியதும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும். உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து நாற்றமடித்தால் அது பாக்டீரியா தொற்று, தடவும் ஆன்ட்டிபயாடிக்கில் சரியாகிவிடும். தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் போடாதீர்கள். ஓரிரு நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை இன்னும் பரவி மருந்துக்கே அடங்காமல் போகும்.

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லையா? விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து உடனே வையுங்கள். அட்டையில் பெயர் உள்ள வேறு ஒருவரும் வைக்கலாம். ஆதாரைப் பொறுத்தவரை கருவிழிப் பதிவும் ஓ.டி.பி.யும் இருக்கின்றன. மின்வேலை செய்பவர்கள் மட்டும் இதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரக் கையில் மின்சாரம் சுலபமாகப் பாயும், பருத்தி உறைக்கு மேல் காப்புக் கையுறை போட்டே வேலை செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு: விடைத்தாளுக்கு மேல் கை படும் இடத்தில் கைக்குட்டையோ வெற்றுத் தாளோ வைக்க அனுமதி வேண்டும் என்று பரீட்சைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் பெற்றோர் பேசிவிடுங்கள். மருத்துவர் கடிதம் இருந்தால் பொதுத்தேர்வு மையத்திலும் சொல்ல எளிது. மை பேனாவைவிடப் பால்பாயிண்ட் நல்லது.

ஏழாம் படி: மாத்திரை

கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் இரண்டும் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்புச் செய்தியைத் தடுக்கின்றன. உடம்பில் பல இடங்களில் வியர்ப்பவர்களுக்கு உதவும். கிளைக்கோபைரோலேட்டை வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் நன்றாக உடம்பில் சேரும். வாய் உலர்வது, மலச்சிக்கல், பார்வை மங்குவது, சிறுநீர் தடைபடுவது ஆகியவை பக்கவிளைவுகள். கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா), புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதியவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரலாம்.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை: வியர்வைதான் உடம்பைக் குளிர வைக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கட்டட வேலைக்கோ களை எடுக்கவோ போகிறவர் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு கூடும். கோடையில் அளவை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எட்டாம் படி: ஊசி, அப்புறம் அறுவை சிகிச்சை

அக்குளுக்குப் போட்டூலினம் டாக்சின், அதாவது போடாக்ஸ் ஊசி நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2004-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு அக்குளுக்கு 50 யூனிட், பல புள்ளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். பலன் பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டி இருக்கும். செலவு அதிகம், திரும்பத் திரும்பப் போட வேண்டும். உள்ளங்கையில் போட்டால் வலி கூடுதல், கட்டைவிரல் பிடிப்பு சில வாரம் பலவீனமாகலாம். தையல், நகை வேலை செய்பவர்கள் அதை யோசித்து முடிவெடுங்கள்.

கடைசி வழி, மார்புக்குள் இருக்கும் பரிவு நரம்பை வெட்டும் அல்லது கிளிப் போடும் அறுவை சிகிச்சை. உள்ளங்கை உடனே காய்ந்துவிடும், அதனால் ஆசை காட்டுவது சுலபம். ஆனால் கையில் நின்ற வியர்வை முதுகு, வயிறு, தொடை என்று வேறிடத்தில் கொட்டுவது மிகச் சாதாரணம். சிலருக்கு அது பழைய தொல்லையைவிட மோசம், வெயில் ஊரில் இன்னும் மோசம். கிளிப்பை எடுத்தாலும் பழைய நிலை திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. முந்தைய படிகளை முறையாகச் செய்து பார்க்காத ஒருவருக்கு, அதிலும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு, இதைச் செய்வதை நான் ஏற்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: நீங்கள் செய்தவர்களில் எத்தனை பேருக்கு வேறிடத்தில் வியர்வை வந்தது, அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சை பலன் தந்து பழகிவிட்ட பிறகும் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இத்தனை வருடம் உள்ளங்கை மட்டும் வியர்த்தவருக்கு நடு ராத்திரியில் முதுகு நனைய ஆரம்பித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ, எடை குறைந்தாலோ அதைப் பழைய தொல்லையின் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.